மதீனாவின் பரம்பரை வீடுகளைப் பதிவு செய்ய வழிவிடுங்கள்

மொராக்கோ சுற்றுலா அமைச்சகத்தாருக்கும், ஃபெஸ் பழைய நகரத்தின் விருந்தினர் இல்லக் கோப்புகளைப் பார்க்கிற எல்லா அலுவலகத்தாருக்கும்,

வணக்கம். நான் ஃபெஸ் நகரத்தின் மதீனாவுக்கு, அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரப் பகுதிக்கு, வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண். இதே மடல் அரபியிலும் பிரெஞ்சிலும் உங்களுக்கு வருகிறது. தமிழில் பொதுவில் வைப்பது, இங்கே வந்து தங்குகிற நம்மூர் ஆட்களுக்கும் விஷயம் தெரியட்டும் என்றுதான். தலைமுறை தலைமுறையாக மதீனாவில் வீடு வைத்திருக்கும் குடும்பம் அதைச் சட்டப்படி விருந்தினர் இல்லமாகப் பதிவு செய்ய ஆசைப்பட்டால் சொத்துப் பத்திரத்திலேயே மாட்டிக்கொள்கிறது. அதைத் தாண்ட வழி செய்து கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மாமியார் பிறந்த வீட்டுக்கு இருப்பது மெல்கியா, அதாவது அதூல்கள் எனப்படும் இஸ்லாமிய முறைப் பத்திர எழுத்தர்கள் சாட்சி வைத்துக் கையால் எழுதிக்கொடுத்த பழைய பத்திரம். அதில் சதுர மீட்டர் எதுவும் கிடையாது. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னாருடைய வாரிசுகள், தெற்கே சந்து என்று அக்கம்பக்கத்தாரை வைத்தே எல்லை சொல்லியிருக்கிறார்கள், அந்த இன்னார்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. இதை நவீனப் பட்டாவாக மாற்ற 1913இலிருந்தே சட்டம் இருக்கிறது. நிலப் பதிவு முகமையில் மனுப் போட வேண்டும், அளக்க வருவார்கள், எல்லை குறித்த அறிவிப்பு அரசிதழில் வெளிவந்த பிறகு இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஏட்டில் இவ்வளவுதான். ஆனால் ஃபெஸ் வீடுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. எங்கள் மாடி அறை ஒன்று பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு மேலே இருக்கிறது. கீழே தரை அவர்களுடையது, மேலே அறை எங்களுடையது, இதற்கு ஹவா உரிமை என்று பெயர், உங்கள் சொத்துரிமைச் சட்டத்திலேயே இடம் உண்டு. அளக்க வந்தவர் அந்த அறையில் வெகுநேரம் நின்று தரையையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றார். கேட்டது நியாயம்தான். ஆனால் பக்கத்து வீட்டிலும் பட்டா கிடையாது, அவர்களிடமும் இருப்பது ஒரு மெல்கியாதான்!

அப்புறம் வாரிசுகள். வீடு இன்னும் மாமியாருடைய தகப்பனார் பெயரில் இருக்கிறது. பங்குகள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகப் பின்னத்துக்கு மேல் பின்னமாய்ப் பிரிந்து, பாதிப் பேர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தூதரகத்துக்குப் போய் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் சுணங்கினாலும் கோப்பு நகராது. இந்தச் சமயம் பார்த்துக் கையில் காசோடு ஒருவர் வருவார், ஓட்டை ஒழுகுகிற வீட்டை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்பார். அலுத்துப்போன குடும்பம் விற்றுவிடும். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து வாங்கியவர்கள் பலர் செலிஜ் என்கிற வண்ண ஓடுகளையும் தேவதாரு உத்தரத்தையும் அழகாக மீட்டெடுத்திருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் விற்றவர்களின் பிள்ளைகள் அதே சந்தில் சம்பளத்துக்குப் பெட்டி தூக்குவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

விற்க மனம் வராதவர்கள் பதிவு இல்லாமலேயே செயலிகளில் அறை விடுகிறார்கள். யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பது அந்தப் பகுதி மொக்கத்தமுக்கு, அதாவது தெருவைக் கவனிக்கிற அரசு ஆளுக்கு, தெரியாமல் இருக்காது. அதாவது எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது, காகிதத்தில் மட்டும் இல்லை. தங்கல் வரி கட்ட எங்களுக்குத் தயக்கம் இல்லை. விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தரவும் தயார். தீத்தடுப்பு விதியைத் தளர்த்துங்கள் என்றும் கேட்கவில்லை, கழுதை மட்டுமே நுழைகிற சந்தில் தீயணைப்பு வண்டிக்கு வழியில்லை, நடுமுற்றத்தைச் சுற்றி எழும்பிய வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல், அதனால் அந்தச் சோதனை இன்னும் கடுமையாகவே இருக்கட்டும்.

சட்டமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சுற்றுலா விடுதிகளுக்கான 80-14 சட்டம் 2015இல் வந்தது, அதை நடைமுறைப்படுத்தும் ஆணை 2023இல்தான் வந்தது. குடியிருப்பவர் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைப்பதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, எங்களைப் போன்ற சின்ன வீடுகளுக்குப் பொருத்தமான வழி அதுதான். நிர்வாக நடைமுறைகளை எளிதாக்கும் 55-19 சட்டமோ ஒரு பிரதிக்கு மேல் கேட்கக் கூடாது, கையெழுத்துக்குச் சான்றொப்பம் கேட்கக் கூடாது, மனு வாங்கினால் ரசீது தர வேண்டும் என்று 2020இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு வாய்மொழியாக ஒரு பட்டியல் சொன்னார்கள், அடுத்த முறை போனால் வேறு பட்டியல், ரசீது கேட்டதற்கு முறைத்தார்கள்.

ஆகவே நான் கேட்பது: மெல்கியா வைத்திருந்து நிலப் பதிவுக்கு மனுவும் போட்டுவிட்ட குடும்பத்துக்கு, ஆட்சேபம் எதுவும் இல்லாதவரை, தற்காலிக அனுமதி கொடுங்கள். பட்டா வந்ததும் நிரந்தரமாக்குங்கள், வராவிட்டால் ரத்து செய்யுங்கள். எல்லா வாரிசுகளின் கையெழுத்துக்கும் காத்திருக்காமல், பெரும்பங்கு வைத்திருப்போர் சம்மதித்தால் வீட்டிலேயே வசிக்கும் வாரிசு மனுப் போடலாம் என்று வையுங்கள், மற்றவர்களின் வருமானப் பங்கை எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலை அரபியில், எங்கள் மாமியார் வாசிக்கிற மாதிரி, அலுவலக வாசலில் ஒட்டுங்கள். 2024இல் மட்டும் இந்த நாட்டுக்கு 1 கோடியே 74 லட்சம் பயணிகள் வந்தார்கள், 2030 கால்பந்து உலகக் கோப்பைக்கு இன்னும் வருவார்கள். அவர்கள் தங்கப் போகிற வீடுகளில் சிலவாவது அந்த வீட்டில் பிறந்தவர்கள் பெயரில் பதிவாக வேண்டும் என்றால், இந்தத் தற்காலிக அனுமதியை இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள். ஃபெஸில் முதல் மனு எங்களுடையதாக இருக்கும்.