அப்பாவின் 1971 போர்க்காலப் படங்கள் – மூன்றாவது புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதற்காவது ஒரு மனிதர் பதில் எழுதுங்கள்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடிகளை அகற்றி டாங்கிகளுக்கு வழி செய்த 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டில் இருந்தவர். அக்ஃபா கிளிக் கேமராவில் அவர் எடுத்த 36 படங்களையும் மூன்று ரோல் நெகட்டிவையும் ஸ்கேன் செய்ய உங்களிடம் கொடுத்தேன். நெகட்டிவில் காடி வாடை வருகிறது, ஃபிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் ஸ்கேன் செய்யணும் என்று அவசரப்படுத்தியதே உங்கள் ஆட்கள்தான்.

நான் எடுத்த ஆர்க்கைவ் பாக்கேஜ் என்றால் படத்தை உள்ளது உள்ளபடியே பெரிய அளவில் ஸ்கேன் செய்து தருவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வந்தது என்ன? வாட்ஸ்ஆப்பில் வருகிற அளவில் சின்னச் சின்ன ஜேபெக். கேட்காமலே கலர் பூசி, முகத்தையெல்லாம் வழவழப்பாக்கி, தோளில் இருந்த பட்டையையும் துடைத்திருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குக் கேட்ட கல்லூரி மாணவி, "இது ஆதாரமா ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த இலவச ஆல்பம்! யார் கேட்டார்கள்? படங்களின் பின்பக்கம் அப்பா பென்சிலில் பெயரும் ஊரும் எழுதியிருந்தார். அத்தனையையும் பசைத்தாளில் ஒட்டிவிட்டீர்கள். பெயர் போனால் அது யாரோ நாலு பேர் நிற்கிற படம்தானே?

இதைக் கேட்க வேலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னை வந்தேன். மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சண்டை போட்டோ கூகுள்ல நிறைய இருக்கே சார், எடுத்துக்கோங்க." அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. கூகுளில் என் அப்பா இருக்கிறாரா? ஒரு ரெஜிமென்ட்டின் சரித்திரத்தையே அழித்துவிட்டீர்கள்!

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன். ஆல்பத்தை நிபுணர் ஒருவர் பிரித்துத் தரட்டும்; படங்களைக் கைவைக்காமல் மறுபடி ஸ்கேன் செய்து கொடுங்கள். நான் கட்டிய 9,400 ரூபாயைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இரண்டாவது ரோல் திரும்பி வரவேயில்லை. சண்டைக்கு முன் எடுத்தது. அதில் இருக்கிற இரண்டு பேர் ஊர் திரும்பவில்லை. மற்றவர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் குடியாத்தத்தில் இருக்கிறார், 79 வயது, பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. பழுப்புக் கவர், மேலே சிவப்பு மையில் 'நவ. 71'. தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்