கருவி வாங்குவதற்கு முன்

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டையும், வலிக்கு வாங்கலாமா என்று கேட்ட கருவிகளின் படங்களையும் பார்த்தேன். அப்பா உடனே பணம் போடுகிறேன் என்கிறார். கொஞ்சம் பொறுங்கள், முதலில் அவனுக்கு எழுதிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

'டிஸ்க் பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்ததிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று மருமகள் சொன்னாள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. முப்பது வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும், ஐம்பதில் 60 சதவீதம் பேருக்கும் இதே பல்ஜ் இருந்தது. வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் அவர்கள். உன் முதுகு உடைந்து போய்விடவில்லை சாமி. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடங்காமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

நீ கேட்டதில், முதுகில் ஒட்டிக்கொண்டு அசைவைக் கணக்கிடும் அந்த சென்சாரைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து அப்படி ஒன்றைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து பேசி, பயத்தைப் போக்கி, அசைவைப் பழக்கினார். மூன்றாவது பிரிவினருக்கு இதோடு சென்சாரும் உண்டு. பின்னிரண்டு பிரிவினருக்கும் நல்ல குணம், ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. சென்சார் தனியாக எதையும் கூட்டித் தரவில்லை. கண்ணில் மாட்டிக்கொண்டு கணினிக் காட்சிகளுக்குள் இருப்பதுபோல் பார்க்கிற வி.ஆர். கண்ணாடிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தது உண்மைதான், வலியைத் தாங்க அது சிலருக்கு உதவும். ஆனால் குனிந்து நிமிர வேண்டியது நீதான். கரண்ட் வைக்கிற டென்ஸ் மெஷினையும் இடுப்பு பெல்ட்டையும் நாள்பட்ட வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

அதற்காக நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிற ஒரு அக்கா எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு முதுகுவலியோடு வந்தார். கீழே விழுந்த துணிக்கட்டை எடுக்கச் சொன்னேன். மூச்சை அடக்கி, ஒரு கையை மேசையில் ஊன்றி, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி இறங்கினார். அதை என் போனில் எடுத்துக் காட்டினேன். "ஏனுங்க, நானா இப்படி விறைச்சுக்கிட்டுக் குனியறேன்?" என்றார். மூச்சை விட்டுக்கொண்டே தோளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லி மறுபடியும் எடுத்தேன். வலி கொஞ்சம் இருந்தது, ஆனால் கை தரையைத் தொட்டது. அந்த இரண்டாவது வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் வீட்டில் மகளை எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் குரல் பதிவில் பதில் சொல்வேன். அவர் கிளினிக்குக்கு வருவதென்றால் ஒரு ஷிப்ட் சம்பளம் போய்விடும். நல்ல டெக்னாலஜி என்று நான் நினைப்பது இதைத்தான்.

உன் போனில் அடி எண்ணுகிற வசதி இருக்கிறதே, அது போதும். இந்த வாரம் சராசரியாக எவ்வளவு நடக்கிறாய் என்று பார். அடுத்த வாரம் அதைவிடக் கொஞ்சம் கூட்டு. வலி ஏறின நாளில் குறைத்துக்கொள், நிறுத்திவிடாதே. மீட்டிங் நடுவே எழுந்து நிற்க ஒரு அலாரம் வை.

முதலில் ஒரு வேலை செய். பெல்ட் போடாமல் பக்கவாட்டில் நின்று, தரையிலிருந்து ஒரு பையை எடுப்பதை மருமகளை வீடியோ எடுக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு கிளினிக் இல்லை, காலையில் வீடியோ காலில் இருவரும் சேர்ந்து அதைப் பார்த்துப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா