ஞாயிறு அன்று பொம்மை உடை மாற்றம்

அனைவருக்கும் வணக்கம். இந்த மாதமும் புது பார்பி வாங்குவதில்லை. அலமாரியில் இருக்கும் பொம்மைகளுக்கே உடை மாற்றிப் பார்ப்போம்.

ஜூன் 14, ஞாயிறு மாலை 4 மணி, பி பிளாக் மாடி அறை.

1. ஆளுக்கு இரண்டு பொம்மை, போடாமல் கிடக்கும் உடைகள்.
2. 2016-இல் வந்த 'கர்வி' (இடுப்பு அகன்ற) பார்பி உடம்புக்குப் பழைய கவுன் ஏறாது. அதற்கான உடைகளைத் தனிப் பையில் கொண்டு வாருங்கள்.
3. கருநீலம், சிவப்புத் துணிகளைத் துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பொம்மையின் வினைல் பிளாஸ்டிக்கில் சாயம் ஏறினால் லேசில் போகாது. என் பொம்மையின் முழங்காலில் ஜீன்ஸ் நீலம் இன்னும் திட்டாக இருக்கிறது.
4. தைக்க ரவிக்கைத் துண்டு, குட்டி பிரஸ் பட்டன். 29 செ.மீ. பொம்மைதானே, கைக்குட்டை அளவு துணி போதும்.

அப்புறம், ஆஃபர் பார்த்துக் கை பரபரத்தால் முதலில் இங்கே சொல்லுங்கள். அதே உடை யாரிடமாவது இருக்கும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள்.