உப்புத் தண்ணீர் ஊருக்கு எந்த சோலார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெந்நீருக்குச் சூரிய ஒளியை நாடும் குடும்பங்கள் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஹீட்டரின் விலையை விசாரிக்கும் அளவுக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நேராகச் சூடாகும் சோலார் வாட்டர் ஹீட்டர், வெயிலைப் பயன்படுத்துவதில், வெயிலிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் சோலார் மின்தகட்டைவிட இரண்டு மூன்று மடங்கு திறன் வாய்ந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் கலனும் இரண்டு சதுர மீட்டர் அளவு குழாய்களும் போதும். நல்ல தண்ணீர் வரும் வீடுகளுக்கு அதுவே சிறந்தது. கடலோரத்தில் உப்பேறிய போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளின் நிலைமை வேறு. எங்கள் தெருவில் சில ஆண்டுகள் ஓடிய ஹீட்டர் ஒன்றின் குழாயை உருவியபோது, அடியில் வெள்ளைப் படிவு கல்லாய் இறுகிக் கிடந்தது. கலனைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பி முழுவதும் கரைந்து, திருகு மட்டுமே மிஞ்சியிருந்தது.

இத்தகைய வீடுகளுக்கு மின்தகடும் வழக்கமான கெய்சருமே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. தகட்டுக்குள் தண்ணீர் போவதில்லை. கெய்சர் காயிலில் உப்பு படிந்தாலும் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம். 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 2.3 யூனிட் தேவை. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வரும் மின்சாரத்தையும் கணக்கிட்டுக் கழிக்கும் நெட் மீட்டர் இருந்தால், பகலில் வெளியே போகும் மின்சாரம் விடியற்காலையில் கெய்சர் இழுப்பதற்கு ஈடாகிவிடும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியமும் உண்டு. வாட்டர் ஹீட்டருக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வெந்நீர் மிகவும் வேண்டியிருக்கும் நாள்களிலேயே வெயில் இராது. ஆகவே எதைப் பொருத்தினாலும் மின் இணைப்பைத் துணையாக வைத்துக்கொள்வது அவசியம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையேறிய கடற்கரை இது. மீட்டர் பொருத்த வரும் மின்வாரிய ஊழியர்கள், மாடியில் தகட்டுச் சட்டம் கான்கிரீட்டில் முறையாகப் பிணைக்கப்பட்டுள்ளதா, போல்ட்டுகள் துருப்பிடிக்காதவையா என்பதையும் பார்த்த பிறகே ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.