ராஜராஜன் ஜனவரி 1-இல் முடிசூடவில்லை: தமிழ் வரலாற்றுத் தளங்களைக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

எண்மின் நூலகம், கல்வெட்டுத் தரவுத்தளம், காலக்கோட்டுப் பக்கம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ராஜராஜன் பட்டமேற்றது 985 ஜனவரி 1 என்று காட்டும் காலக்கோடுகளைச் செய்வது மிக எளிது. எந்தக் கல்வெட்டிலும் அப்படி ஒரு நாள் இல்லை. ஆட்சியாண்டோடு கிழமையும் நட்சத்திரமும் சொல்லும் கல்வெட்டுகளைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கணித்தது, 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் ஏதோ ஒரு நாள். தரவை ஏற்றுபவர் ‘985’ என்றுதான் கொடுக்கிறார். தரவுத்தளத்தின் தேதிப் புலம் (பதிவில் தேதிக்கான கட்டம்) முழுத் தேதி கேட்கிறது, மிச்சத்தை நிரல் நிரப்பிக்கொள்கிறது. தெரியாத நாளைத் தெரிந்ததுபோல் காட்டாதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

‘தேதி’ என்ற ஒற்றைப் புலத்தை எடுத்துவிட்டு ஐந்து வையுங்கள்: மூலத்தின் வாசகம் அப்படியே, முன்னெல்லை, பின்னெல்லை, அந்த எல்லைகள் எந்த நாட்காட்டியில், கணித்தவர் யார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் கொடுத்த செப்புக்குடத்தை எடுத்துக்கொள்வோம். கொடுத்தது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்கிறது கல்வெட்டு. நாள் கணக்கு துல்லியம்தான், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் ஒரு மாதம் அசைகிறது. ஆகவே முன்னெல்லை 1010 மார்ச் 26, பின்னெல்லை ஏப்ரல் 25.

இவை ஜூலியன், அதாவது பழைய ஐரோப்பிய நாட்காட்டித் தேதிகள். அந்த ஆண்டுக்கு இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் வேண்டுமானால் ஆறு நாள் கூட்ட வேண்டும்: ஏப்ரல் 1 முதல் மே 1 வரை. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 கிரிகோரியனைத்தான், அது பிறப்பதற்கு முந்தைய காலத்துக்கும், பின்னோக்கி நீட்டுகிறது. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லில் தேதிக்கென உள்ள டைம் குறியும், உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டும் அதே வழி. புத்தகத்தில் கண்ட ஜூலியன் தேதியை மாற்றாமல் அங்கே இட்டால் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிழமையையும் திதியையும் சரிபார்க்கும் நிரல்தான் மாட்டிக்கொள்ளும். வரிசைப்படுத்துவதற்கு இரண்டு எல்லைகளையும் ஜூலியன் நாள் எண்ணாகவும் (ஒரு பழங்கால நாளிலிருந்து தொடர்ந்து எண்ணிவரும் நாள் கணக்கு, ஜூலியன் நாட்காட்டி அல்ல) சேமியுங்கள். இங்கே 2090045, 2090075. வெறும் முழு எண் என்பதால் நாட்காட்டிச் சண்டை அதற்குள் வராது.

பரிமாற்றத்துக்கு ஐஎஸ்ஓ 8601-2:2019-இல் சேர்ந்த இடிடிஎஃப் என்ற, ஐயமுள்ள தேதிகளையும் எழுத உதவும் வடிவம் இருக்கிறது. இதில் பலரும் சறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1010-04-01/1010-05-01 என்று சாய்கோடு போட்டால் மாதம் முழுக்க நடந்த நிகழ்ச்சி என்று பொருள். இதற்குள் ஏதோ ஒரு நாள் என்பதற்குச் சதுர அடைப்பு வேண்டும்: [1010-04-01..1010-05-01]. ஏறத்தாழ என்றால் ~, ஐயம் என்றால் ?, இரண்டும் என்றால் %.

பழைய அச்சுநூல் முகப்புகளில் ‘குரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? அச்சுக் காலத்துக்குள் 1844, 1904, 1964 ஏப்ரல்களில் குரோதி தொடங்கியிருக்கிறது. பதிப்பாளர், அச்சகம், தாள் ஆகியவற்றால் 1904 என்று முடிவானாலும் வேலை தீரவில்லை. தை அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் எழுத வேண்டியது 1905 ஜனவரி-பிப்ரவரி. சுற்று எதுவென்று முடிவாகாவிட்டால் மூன்றையும் அடைப்புக்குள் வையுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை. சக ஆண்டை ஆங்கில ஆண்டாக்க வெறுமனே 78 கூட்டுவதும் இதே வகைப் பிழை. கழிந்த ஆண்டா (முடிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை) நடப்பு ஆண்டா (ஓடும் ஆண்டின் எண்) என்று பார்க்காமல் கூட்டினால் ஓராண்டு பிசகும்.

கருவிகளும் தம் பங்குக்குப் படுத்தும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் தேதி வகைக்கு உத்தரவாதம் 1000-01-01 முதல்தான். ராஜராஜன் பட்டமேற்றதே அதற்கு வெளியே போகிறது. எக்செல் 1900-க்கு முந்தையதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் உரையாக வைக்கும், அதனால் வரிசை குலையும். ஜாவாஸ்கிரிப்டில் ‘1905-01-20’ என்று கொடுத்தால் உலகப் பொது நேரத்து நள்ளிரவாகக் கொள்ளும். அதை உள்ளூர் நேரத்தில் காட்டினால் டொரண்டோவில் இருப்பவருக்கு ஜனவரி 19 தெரியும். தேதியை எழுத்துச் சரமாகவே வைத்து, காட்டும்போதும் நேர மண்டலத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

கி.மு. என்றால் இன்னும் கவனம் தேவை. ஐஎஸ்ஓவில் 0000 என்பதே கி.மு. 1. எனவே கி.மு. 580 என்பது -0579. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவு இரண்டு கோப்பு வடிவங்களில் தரவு தருகிறது: ஜேசானில் அதே ஆண்டு -0580, ஆர்டிஎஃப் ஏற்றுமதியில் -0579. இரண்டையும் கலந்து இறக்கினால் ஒரே நிகழ்ச்சி இரண்டு ஆண்டுகளில் நிற்கும். டைம் குறியோ கி.மு. ஆண்டை ஏற்பதேயில்லை, அங்கே அதைப் போடாமல் விட்டுவிடுங்கள். கி.மு. 580 என்று நாம் எடுத்தது கீழடிக்காக. 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு வந்த கரிமக் கணிப்பு அது. கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவீட்டு வளைவு (கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வரைபடம்) தட்டையாகிவிடுவதால் அக்காலத்து மாதிரிகளுக்கு விடை அகன்ற வீச்சாகத்தான் கிடைக்கும். தலைப்புச் செய்திக்கு ஒற்றை எண் வசதி. தரவுத்தளத்தில் வீச்சு, மாதிரியின் ஆழம், எந்த வளைவைக் கொண்டு திருத்தியது என்பவை வேண்டும்.

அரசர்களைப் பட்டைகளாக வரையும்போது ஒருவர் முடிவை அடுத்தவர் தொடக்கத்திலிருந்து நிரலே கணிக்கும்படி விடாதீர்கள். ராஜேந்திரனின் ஆட்சியாண்டுகள் 1012 மார்ச் 27-க்கும் ஜூலை 7-க்கும் இடையில் தொடங்குகின்றன. தந்தையின் ஆட்சி 1014 வரை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியத்தான் வேண்டும். ஐயமுள்ள முனைகளை மங்கலாகத் தீட்டுங்கள். வீச்சின் நடுவில் புள்ளி வைப்பது வேண்டாம், ஜனவரி 1-ஐப் போலவே அதுவும் கற்பனை நாள்.

ஏற்கெனவே ஏற்றிய தரவை முழுக்கக் கலைக்கச் சொல்லவில்லை. மாதமும் நாளும் 01-01 ஆக இருக்கும் வரிகளை முதலில் வடிகட்டுங்கள். மூலத்தில் உண்மையாகவே ஜனவரி 1 என்று இருப்பவற்றை விட்டு மற்றவற்றை ஆண்டளவுக்குக் குறைத்து விடுங்கள். அடுத்து, ‘00’ என்று முடியும் ஆண்டுகளைப் பாருங்கள். அவற்றில் நூற்றாண்டு மட்டுமே தெரிந்த பதிவுகள் ஒளிந்திருக்கும். பிறகு 1752-க்கு முந்தைய ஆங்கிலக் கம்பெனி ஆவணங்கள். அவர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், எனவே ‘பிப்ரவரி 1639’ என்று அவர்கள் எழுதியது நமக்கு 1640.

இப்படிக்கு,
கல்வெட்டுத் தரவுகளோடு வேலை செய்யும் நிரலர்கள் சிலர்