எல்லாவுக்காக வந்த எல்லாருக்கும்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்து அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டை இசைத்தட்டில் கேட்டுவிட்டுப் போனீர்கள். "எல்லா பாட்டு கேட்போம், வாருங்கள்" என்று நான் வாட்ஸப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "எல்லாப் பாட்டும்னா ராத்திரி ஆயிடுமே, பிள்ளைங்க தூங்கிடுமே" என்று போன் செய்தாரே, அந்த நண்பருக்குத்தான் முதல் நன்றி. அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். ஜாஸ் என்றதும் விறைத்து உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் இளகினார்கள்.

முதலில் பேசிவைத்த இடம் இரண்டு நாள் இருக்கும்போது கைவிட்டுப்போனது. காரணம் சொல்லவில்லை, முன்பணமும் இன்னும் வரவில்லை. சரி, அது கிடக்கட்டும். எங்கள் கட்டடப் பராமரிப்பாளர் சாவியை என் கையில் கொடுத்து, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும் என்றார். ஒன்பதேகாலுக்கு விரட்ட வந்தவர், பாட்டு முடியட்டும் என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும், நாற்பது பேருக்குப் புளியோதரை கிளறிக் கொண்டுவந்த அக்காவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது!

நியூயார்க்கை ஒட்டிய எங்கள் யாங்கர்ஸ் ஊரின் ரயில் நிலையத்துக்கு வெளியே எல்லாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. பதினொரு வருடம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். யார் என்று கேட்டதில்லை. கேட்டவள் என் மகள். அவள் கேட்காவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை.

1917இல் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் பிறந்து, குழந்தையாக இந்த ஊருக்கு வந்தவர் எல்லா. 1932இல் அம்மா இறந்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அம்மாவின் சகோதரி வீடு, பள்ளிக்கு மட்டம், சூதாட்டச் சீட்டுக்காரர்களுக்கு எடுபிடி, பிறகு அனாதை இல்லம். கடைசியில் ஹட்சன் என்ற ஊரில் இருந்த சீர்திருத்தப் பள்ளி. அந்த ஊர் எங்கள் ஊர் வழியாகப் போகும் ஹட்சன் ஆற்றங்கரைத் தண்டவாளத்தில் வடக்கே இருக்கிறது, ஹார்லெம் தெற்கே. இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம் என்று லீவு போட்டு என்னோடு ரயிலேறிய நண்பரே, உங்களால்தான் அந்தப் பள்ளி இருந்த இடத்தைப் பார்த்தேன். இன்று அது சிறைச்சாலை. வேலிக்கு வெளியே பத்து நிமிடம் சும்மா நின்றோம். பேச்சில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்லாமல் விட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

1934 நவம்பர் 21, ஹார்லெமில் அப்போலோ அரங்கின் புதுமுகங்கள் போட்டி இரவு. பதினேழு வயதுப் பெண் ஆடத்தான் போனாள். முன்னால் ஆடிய எட்வர்ட்ஸ் சகோதரிகளைப் பார்த்ததும் கால் ஓடவில்லை. மேடையேறி, அம்மாவுக்குப் பிடித்த பாடகி கானி பாஸ்வெல்லைப் போலப் பாடினாள். 25 டாலர் முதல் பரிசு. அதோடு கிடைத்திருக்க வேண்டிய ஒரு வார மேடை மட்டும் கிடைக்கவில்லை. தெருவில் படுத்தெழுந்த பெண்ணின் கோலம்தான் காரணம் என்கிறார்கள்.

டிரம்ஸ் மேதை சிக் வெப்பிடம் கூட்டிப்போனபோது அவரும் பார்த்த மாத்திரத்தில் தயங்கினார். சின்ன வயதில் காசநோய் முதுகெலும்பைத் தாக்கி, கூனல் விழுந்த குள்ள மனிதர் அவர்! தோற்றத்தை வைத்து எடைபோடுவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் யேல் பல்கலைக்கழக நடன விருந்தில் ஒருமுறை பாடவிட்டுப் பார்த்தார், மாணவர்களுக்குப் பிடித்துப்போனது, தன் இசைக்குழுவில் வைத்துக்கொண்டார். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து இருவரும் நாடே முணுமுணுக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு வெப் இறந்தபோது இசைக்குழு எல்லாவின் பெயரில் ஓடியது. அப்போது எல்லாவுக்கு வயது இருபத்திரண்டு.

மிருதங்க சாருக்குத் தனி வணக்கம். ஸ்காட் (scat), அதாவது சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளை வைத்துப் பாடுவது, என்றால் என்ன என்று நான் இருபது நிமிடம் சுற்றிச்சுற்றிப் பேசியதை அவர் இரண்டே நிமிடத்தில் முடித்தார். "நம்ம சுரம் பாடற மாதிரிதானே?" என்று ஒருவர் கேட்க, "இல்லை. ச, ரி என்றால் அது ஸ்தானத்தின் பேர். தகதிமி என்றால் அதற்குக் கையில் ஓர் அடி இருக்கிறது. இந்த அம்மா சொல்லுகிற எழுத்துக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை, டிரம்பெட் கத்துவது மாதிரி வாயை வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்" என்றார். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவின் ஊதுகருவிகள் செய்வதைத் தன் தொண்டையில் செய்ய முயன்றதாக எல்லாவும் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் மகள் இதை அவருக்குச் சொல்லிக் காட்டுவாள். ரெக்கார்டு பிளேயரும் இசைத்தட்டுகளும் அவருடையவை. 1955இல் ஹூஸ்டனில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இருக்கை கூடாது என்று மேலாளர் நார்மன் கிரான்ஸ் பிடிவாதமாக நின்றதையும், சூதாடியதாகச் சொல்லிப் போலீஸார் எல்லாவின் ஒப்பனை அறைக்குள் புகுந்து பிடித்துப்போனதையும், அப்புறம் நிலையத்தில் அவரிடமே கையெழுத்து கேட்டதையும் சொன்னபோது, பெரியம்மா ஒருவர்தான் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரிக்கலாமா என்று முழித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பிழையைத் திருத்தியவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கறுப்பினத்தவர் என்பதால் ஹாலிவுட்டின் மொகாம்போ இரவு விடுதி எல்லாவை ஒதுக்கியது, மர்லின் மன்றோ பேசி உள்ளே கொண்டுவந்தார் என்று நான் அடித்துச் சொன்னேன். மன்றோ உதவியது எல்லாவே சொன்ன விஷயம். ஆனால் டாரதி டான்ட்ரிட்ஜ் போன்ற கறுப்பினப் பாடகிகள் அதற்கு முன்பே அங்கே பாடியிருக்கிறார்கள். எல்லா குண்டு, கவர்ச்சி போதாது என்ற நினைப்புத்தான் தடை என்று திருத்தியவர் மறுநாள் போனில் சொன்னார். திரும்பத் தேடிப் படித்தேன், அவர் சொன்னதுதான் பொருந்துகிறது. அப்போலோவில் தொடங்கியது இருபது வருடம் கழித்தும் விடவில்லை.

கடைசியாகப் போட்டது 1960 பெர்லின் கச்சேரி. ‘மேக் த நைஃப்’ பாட்டில் பாதியில் வரிகள் மறந்துபோக, மறந்ததையே வரியாகக் கட்டிப் பாடி, அதற்கே கிராமி வாங்கினார் அல்லவா? அந்த இடத்தில் முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "பள்ளிக்கூடத்துல நான் இப்படிப் பண்ணினா ஜீரோ" என்றான். தம்பி, நீ வந்ததற்கும் நன்றி.

பெரியம்மா, மற்றதையெல்லாம் திருப்பித் தந்துவிட்டேன். பெர்லின் தட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
யாங்கர்ஸிலிருந்து, இரண்டாம் மாடிக்காரன்