சாகப்போகிறவரை யாருடைய பொறுப்பில் அனுப்புகிறீர்கள்?

மருத்துவமனை டீன்களுக்கும், ஐ.சி.யூ. மருத்துவர்களுக்கும், என் சக செவிலியர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை வார்டிலும், பிறகு தனியார் ஐ.சி.யூ.விலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். ஒரு தாளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். "மருத்துவர் ஆலோசனையை மீறி, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன்" என்று உறவினரிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தத் தாள்.

தானாக முடிவெடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு அது சரி. ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு நடப்பது வேறு. "இனி எங்க கையில ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்வது மருத்துவர். அடுத்த அரை மணியில் மருத்துவர் பேச்சை மீறியதாகக் கையெழுத்துப் போடுவது மகன். எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் சேர்ந்து, அந்த வீட்டிலேயே மிகவும் உடைந்து போயிருக்கும் ஆளிடம் வாங்கும் பொய் அது. அப்பாவின் காரியம் முடிந்து வருடக் கணக்கான பிறகும், "நான்தானே சிஸ்டர் கையெழுத்துப் போட்டேன்" என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு.

பொய் தாளோடு நிற்பதில்லை. ஆலோசனையை மீறிப் போகிறவருக்கு ஆலோசனை எதற்கு? அதனால் வலிக்கு மருந்துச் சீட்டு இல்லை. மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று சொல்வாரில்லை. கூப்பிட ஒரு போன் நம்பர் இல்லை. ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே போவார். வீட்டு வாசலில், மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை உருவிவிட்டுத் திரும்பி வருவார். அதன்பின் அந்த உடம்பு படும் பாட்டை, ஒன்றும் தெரியாத ஒரு குடும்பம் தனியாக நின்று பார்க்க வேண்டும்.

கேஸ் வரும், அடிக்க வருவார்கள் என்ற உங்கள் பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் நானும் வேலை செய்தேன். ஆனால் சட்டம் இன்று உங்களை நட்டாற்றில் விடவில்லை. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்னது. 2023 ஜனவரியில், பலன் தராத உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தும் நடைமுறையை எளிதாக்கி, மருத்துவமனையிலேயே முதல் குழு, அதைச் சரிபார்க்க இரண்டாவது குழு, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து என்று வகுத்தும் கொடுத்தது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென்று சுற்றறிக்கையே அனுப்பியது. டீன் அவர்களே, உங்கள் மருத்துவமனையில் அந்தக் குழுவில் யார் யார் என்று இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவர் அந்தப் பழைய தாளைத்தான் நீட்டுவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடும் வலிக்கான மருந்து மார்ஃபின் விஷயமும் இப்படித்தான். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்தே பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதை விட்டன. 2014 திருத்தம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன கிளினிக்காகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, இன்று கேரளத்தின் ஊர் ஊருக்கும் பரவி நிற்கிறது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் கிடப்பவருக்கான ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே போகிறது. ஆனால் இங்கிருந்து அனுப்பப்படும் நோயாளியைப் பற்றி, வீட்டுக்குப் போகும் அந்தத் திட்டச் செவிலியருக்கு யார் சொல்கிறார்கள்?

என் சக செவிலியர்களே, உங்களிடம் பேச வேண்டியது வேறு.

ஐ.சி.யூ.வில் ஒரு பெரியவர், ஈரல் முழுக்கப் பரவிய புற்றுநோய். கட்டில் தலைமாட்டில் 'வாய்வழி ஒன்றும் கூடாது' என்ற அட்டை. அவர் மனைவி பார்வையாளர் நேரத்தில் மாத்திரை பாட்டில் ஒன்றில் பாலை ஊற்றி, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து, "ரெண்டு சொட்டு பால் ஊத்திக்கிறேம்மா" என்று கேட்டார். பணியில் இருந்த செவிலியர் அட்டையைக் காட்டினார். விதிப்படி அவர் செய்தது சரிதான். நினைவு மங்கியவருக்குப் பால் ஊற்றினால் புரையேறும். ஆனால் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சுருட்டிப் பாலில் நனைத்துப் பிழிந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "உதட்டுல தடவுங்கம்மா, அவருக்கு நாக்கு வறண்டு போச்சு" என்றார். புரையும் ஏறவில்லை, பாலும் சேர்ந்தது. அட்டையை எழுதியது எதற்காக என்று தெரிந்த ஒருவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

கடைசி நேரத்தில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். மூச்சு முட்டித் தவிக்கிறார் என்று வீட்டார் பதறுவார்கள். சளியை எடுக்கத் தொண்டைக்குள் திரும்பத் திரும்பக் குழாய் விட்டு உறிஞ்சுவதால் நோயாளிக்கு வேதனைதான் கூடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஊசி எழுதச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். இந்தச் சத்தம் அநேகமாக அவருக்குத் தெரியாது என்று மகளிடம் சொல்லுங்கள். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. முப்பது கட்டிலுக்கு ஒரு செவிலியர் என்று நிற்க வைத்துவிட்டு இதையெல்லாம் கேட்பது நியாயமா என்பீர்கள். நியாயமில்லை. ஆள் போடச் சொல்லி டீனிடம் கேட்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

நம் தொழில் எதைச் செய்ய வல்லது என்பதற்கு அருணா ஷான்பாக் சாட்சி. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் இளம் செவிலியர்; 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு நினைவிழந்தவர். 2015 மே மாதம் இறக்கும் வரை, தலைமுறை மாறி மாறி வந்த செவிலியர்கள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தார்கள். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் படுக்கைப்புண் வராமல் காத்ததை 2011-இல் உச்ச நீதிமன்றமே பாராட்டியது. அவருடைய உயிரை நீட்டியிருக்க வேண்டுமா என்ற வழக்கில் எனக்கும் குழப்பம் உண்டு. அந்தக் கைகளைப் பற்றி ஒரு குழப்பமும் இல்லை.

டீன் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். நீங்களே அனுப்பி வைக்கும் நோயாளிக்கு, 'குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன் தராது என்பதால், குடும்பத்தோடு பேசி, மருத்துவர் முடிவின்படி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதுங்கள். கீழே மருத்துவர் கையெழுத்துப் போடட்டும். வலி மாத்திரையும், அந்த வட்டாரச் செவிலியரின் போன் நம்பரும் அதோடு போகட்டும். வாய் துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டாருக்குச் சொல்லித்தர வார்டில் ஆள் போதாது என்றால், ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிடுங்கள். எங்களில் பலர் வருவோம். நான் நிச்சயமாக வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்